முக்கால் மாப்பிள்ளை

வெள்ளந்திக்காட்டில் ஒரு வழக்கம் உண்டு. பெண் வீட்டார் மாப்பிள்ளை பார்க்க வந்தால் மாப்பிள்ளை வாயைத் திறக்கக் கூடாது. தன்னைப் பற்றித் தானே பேசுகிறவன் எப்படியும் தனக்குச் சாதகமாகத்தான் பேசுவான் என்பது அந்த ஊரின் தீர்மானம். அதனால் அவனுக்குப் பதிலாக ஊர் பேசும். ஊரே கூடிப் பேசினால் யார் காதிலும் ஒன்றும் விழாது என்பதால் மூன்று பேரை அதற்கென்று வைத்திருந்தார்கள். அந்த மூவருக்கும் 'ஊர்வாய்' என்று பெயர். தாம்பூலம் மாற்றுகிற வரைக்கும் மாப்பிள்ளை, சந்தைக்கு வந்த காளை மாதிரி நின்றுகொண்டிருக்க வேண்டியதுதான்.

நல்ல வழக்கம்தான். ஊர்வாயாக வாய்த்தவர்கள்தான் கொஞ்சம் வேறு மாதிரி.

மூத்தவர் ஒச்சப்பன். எதையும் யோசிக்காமல் சொல்லமாட்டார். யோசித்துச் சொன்னதும், யோசிக்காமலே சொல்லியிருக்கலாம் என்று கேட்பவருக்குத் தோன்றும். அடுத்தவர் சீனியப்பன். ஒச்சப்பன் சொல்வதை எப்போதும் ஒத்துக்கொள்வார், ஆனால் ஒரு பாட்டம் சண்டை போட்டுவிட்டுத்தான் ஒத்துக்கொள்வார். மூன்றாமவர் மாடக்கண்ணு. கேள்வி கேட்பார். பதில் வந்ததும் அதை விட்டுவிட்டு வேறு கேள்வி கேட்பார்.

இந்த மூவரால் அந்த ஊர் இளைஞன் காத்தமுத்துவுக்கு இரண்டு சம்பந்தம் கைவிட்டுப் போயிருந்தது.

முதல் சம்பந்தத்தில், "மாப்பிள்ளை நல்ல பலசாலியா?" என்று பெண்ணின் மாமா கேட்டார். "நெல் மூட்டையைப் பல்லால கடிச்சே தூக்குவான்" என்றார் ஒச்சப்பன். மாமா பக்கத்தில் கிடந்த மூட்டையைக் காட்டினார். காத்தமுத்து மறுத்துச் சொல்ல வழியில்லை, வாயைத் திறக்கக் கூடாதே. கடிப்பதற்கு மட்டும் திறக்கலாமா என்று மூவரும் ஒதுங்கிப் போய்ப் பேசினார்கள். தடை பேச்சுக்குத்தான், கடிக்கு இல்லை என்று முடிவாயிற்று. அந்தச் சம்பந்தம் ஒரு கடைவாய்ப் பல்லோடு போயிற்று.

இரண்டாவதில், "நோய்நொடி ஏதும் உண்டா?" என்று கேட்டார்கள். "பிறந்ததுல இருந்து ஒரு தும்மல்கூடப் போட்டதில்லை" என்றார் சீனியப்பன். அவர் சொல்லி முடிக்கவும் காத்தமுத்து தும்மினான். "இது இவன் தும்மல் இல்லை. பக்கத்து வீட்டுக்காரன் தும்மல். வழி தவறி வந்துட்டு" என்றார் ஒச்சப்பன். பெண் வீட்டார் பானகத்தைக்கூடக் குடிக்காமல் வண்டி ஏறினார்கள்.

மூன்று தடவை ஊர் பேசியும் அமையாதவனுக்கு அதற்கப்புறம் ஊர் பேசாது. ஊர் பேசாதவனுக்கு யாரும் பெண் கொடுக்கமாட்டார்கள். அவன் கோயில் மாட்டுக்குப் புல் அறுத்துக்கொண்டு காலத்தைத் தள்ள வேண்டும். அப்படி ஒருவர் ஏற்கெனவே அந்த ஊரில் இருந்தார். மாடு அவரை மதிக்கவில்லை.

மூன்றாவது சம்பந்தம் பனையடிப்பட்டி அணஞ்சபெருமாளின் இளைய மகள் தங்கப்பழம். காத்தமுத்து அவளைச் சந்தையில் ஒரு தடவை பார்த்திருக்கிறான். ஒரு பானை வாங்குவதற்கு அவள் கடையிலிருந்த எல்லாப் பானைகளையும் தட்டித் தட்டிப் பார்த்தாள். கடைசியில் கடைக்காரரையும் தட்டிப் பார்த்துவிடுவாளோ என்று அவன் பயந்தான். அவள் போன பிறகு, அவள் வேண்டாமென்று வைத்த பானையை இவன் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தான். அது ஓட்டைப் பானை. அவள் வேண்டாமென்றது சரிதான் என்று அவனுக்கு ஒரே சந்தோஷம். அன்றிலிருந்து அவனுக்கு வேறு பெண் நினைப்பே இல்லை.

ஆகவே பெண் வீட்டார் வருவதற்கு முன்னால் எப்படியாவது ஊர்வாயைத் திருத்திவிட வேண்டும் என்று முடிவு செய்தான். ஆற்றுக்கு அக்கரையில் தருக்கம் படித்த ஒரு பண்டிதர் இருந்தார். ஒரு வாழைத்தாரைத் தோளில் போட்டுக்கொண்டு மூவரையும் அவரிடம் கூட்டிப் போனான்.

"ஐயா, இவங்க மூணு பேரும் எனக்காகப் பேசணும். உள்ளதை மட்டும் பேசணும். அதுக்கு ஏதாவது வழி சொல்லுங்க."

பண்டிதருக்குக் கண் கலங்கிவிட்டது. அவரிடம் வருகிறவர்கள் எல்லாம் காணாமல் போன எருமை எந்தத் திக்கில் இருக்கிறது என்று கேட்கத்தான் வருவார்கள். அறிவைப் பற்றி ஒருவர்கூடக் கேட்டதில்லை.

"உட்காருங்கள்" என்றார். "மனிதன் ஒன்றை மூன்று வழியில் அறிகிறான். கண்டு அறிவது, கண்டதை வைத்துக் காணாததைக் கருதி அறிவது, நம்பத்தக்கவர் சொல்லக் கேட்டு அறிவது. தூரத்து மலையில் புகை தெரிகிறது. நெருப்பு தெரியவில்லை. ஆனாலும் அங்கே நெருப்பு இருக்கிறது என்று சொல்கிறோம். எப்படி?"

"மலைக்காரங்க யாராவது வந்து சொல்லியிருப்பாங்க" என்றார் ஒச்சப்பன்.

"இல்லை. யாரும் சொல்லவில்லை."

"ஏன் சொல்லலை? தீப்பிடிச்சா சொல்ல வேண்டாமா?" என்று மாடக்கண்ணு கோபப்பட்டார்.

"புகை இருக்கும் இடத்தில் நெருப்பு இருக்கும். அவ்வளவுதான். வீட்டுக்குப் போய் இதை நன்றாகச் சிந்தியுங்கள்" என்றார் பண்டிதர்.

சிந்தித்தார்கள். மறுநாள் விடியற்காலையில் ஊர்க் குளத்தின் மேல் வெள்ளையாகப் பனிமூட்டம் படர்ந்திருந்தது. பல் விளக்கப் போன சீனியப்பன் அதைப் பார்த்துவிட்டு வேப்பங்குச்சியை எறிந்துவிட்டு ஓடிவந்தார்.

"குளம் பத்திக்கிச்சு!"

ஊர் எழுந்துவிட்டது. குடம், தோண்டி, அண்டா எல்லாம் வந்தது. தீயை அணைக்கத் தண்ணீர் வேண்டும். பக்கத்தில் தண்ணீர் இருக்கிற இடம் குளம் ஒன்றுதான். குளத்தில் மொண்டு குளத்தில் ஊற்றினார்கள். காத்தமுத்துவும் ஊற்றினான். ஊற்றும்போது ஏதோ சரியில்லை என்று அவனுக்குத் தோன்றியது. எது என்று யோசிப்பதற்குள் அடுத்த குடம் கைக்கு வந்துவிட்டது.

"லே, கரையோரமா ஊத்தாதீங்க! நடுவுலதான் கொழுந்து விட்டு எரியுது!" என்று ஒச்சப்பன் கழுத்தளவு தண்ணீரில் நின்று கத்தினார்.

"சூடு தெரியுதா அண்ணாச்சி?"

"பயங்கர சூடு. உடம்பெல்லாம் நடுங்குது."

வெயில் ஏறியது. புகை போய்விட்டது. குளத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் குறையாமல் தீயை அணைத்த ஊர் இது ஒன்றுதான் என்று அன்று முழுக்கப் பேசிக்கொண்டார்கள்.

பண்டிதருக்குச் செய்தி போயிற்று. அவர் நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். பிறகு மறுபடியும் மூவரையும் வரச்சொல்லி, அறிவு எப்படித் தவறுகிறது என்று விளக்கினார்.

"பொழுது மங்கும் நேரத்தில் வழியில் கயிறு கிடக்கிறது. பார்ப்பவனுக்கு அது பாம்பாகத் தெரிகிறது. ஒன்று வேறொன்றாகத் தெரிவது, இதற்குத்தான் திரிபு என்று பெயர். தெரிவதை எல்லாம் உள்ளது என்று நம்பிவிடாதீர்கள்."

காத்தமுத்துவோடு திரும்பி வரும்போது சாயங்காலம் ஆகிவிட்டது. வழியில் பொறுக்கிய விறகைக் கட்டக் கயிறு இல்லாமல் நின்றார்கள். பாதையின் குறுக்கே ஒரு சாரைப்பாம்பு நிதானமாகப் போய்க்கொண்டிருந்தது.

"அண்ணாச்சி, பாம்பு!" என்று காத்தமுத்து பின்னால் தாவினான்.

ஒச்சப்பன் சிரித்தார். "பாம்பாத்தான் தெரியுது. அதனாலதான் கயிறுங்கேன்."

"அது நெளியுது!"

"நெளியுற மாதிரித் தெரியுது."

"அது நாக்கை நீட்டுது!"

"பிரி விட்ட கயிறு. பழசு. பிடிலே சீனி."

சீனியப்பன் பிடித்தார். பிடிப்பதற்கு முன்னால் வழக்கம்போல விவாதம் செய்தார். எதிர்த்துப் பேசுவதற்குள் கயிறு ஓடிவிடும் போலிருந்ததால் சுருக்கமாகப் பேசி ஒத்துக்கொண்டார். விறகைச் சுற்றி ஒரு சுற்றுக் கட்டினார்கள். முடிச்சுப் போடும்போது கயிறு அவர் கட்டைவிரலைக் கடித்தது.

"அண்ணாச்சி, கயிறு கடிக்கு!"

"கடிச்ச மாதிரித் தெரியுதுலே."

"விரல் வீங்குது!"

"வீங்கின மாதிரித் தெரியுது. தெரியுறதை எல்லாம் நம்பாதேன்னு ஐயா இப்பத்தானே சொன்னாரு?"

சாரைக்கு விஷம் இல்லை. அதனால் சீனியப்பன் பிழைத்தார். கயிறும் பிழைத்து, விறகை அப்படியே போட்டுவிட்டுப் புதருக்குள் போய்விட்டது.

மூன்றாவது முறையாகக் காத்தமுத்து மூவரோடும் பண்டிதர் வாசலில் நின்றபோது, அவர் உட்காரச் சொல்லவில்லை. பாதி திறந்த கதவைப் பிடித்துக்கொண்டு பேசினார்.

"ஐயா, பெண் வீட்டுக்காரங்க நாளைக் கழிச்சு வாராங்க. இதுவும் போயிட்டா நான் கோயில் மாட்டுக்குத்தான் புல்லு அறுக்கணும்."

பண்டிதர் மூவரையும் பார்த்தார். "கருதி அறிவதை விட்டுவிடுங்கள். கேட்டு அறிவதையும் விட்டுவிடுங்கள். மனிதனின் அறிவுக்கு ஓர் எல்லை உண்டு. எல்லைக்கு உள்ளே இருப்பதைக் கண்டேன் என்று சொல்லுங்கள். அப்பால் இருப்பதைத் தெரியாது என்று சொல்லுங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்பவன்தான் அறிவாளி."

"அடேயப்பா!" என்றார் ஒச்சப்பன். "அப்போ இத்தனை நாளும் நாம அறிவாளியாத்தான் இருந்திருக்கோம். வெளிய சொல்லாம விட்டுட்டோம்."

பண்டிதர் கதவைச் சாத்திக்கொண்டார்.

"உள்ளே ஐயா இருக்காரா?" என்று மாடக்கண்ணு கேட்டார்.

"காணலை" என்றார் ஒச்சப்பன்.

"அப்போ?"

"தெரியாது" என்றார் சீனியப்பன். மூவரும் ஒருவரையொருவர் பெருமையோடு பார்த்துக்கொண்டார்கள்.

காத்தமுத்துவுக்கு நிம்மதியாக இருந்தது. இனிமேல் மூட்டையைக் கடிக்க வேண்டியதில்லை. உள்ளதைச் சொல்வார்கள். உள்ளதைச் சொன்னால் தனக்கு என்ன குறை? நிலம் கொஞ்சம் இருக்கிறது. கெட்ட பழக்கம் எதுவும் இல்லை. ஒரு கடைவாய்ப் பல்தான் இல்லை. இப்படி எண்ணிக்கொண்டு அவன் வீடு வந்து சேர்ந்தான்.

அணஞ்சபெருமாள் தன் அக்காள் வேலம்மாவோடு வில்வண்டியில் வந்து இறங்கினார். முற்றத்தில் பாய் விரித்திருந்தார்கள். காத்தமுத்து புது வேட்டியோடு, உதட்டை இறுக்கிக்கொண்டு வேப்பமரத்தடியில் நின்றான். எதிரே ஊர்வாய் மூவரும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள்.

அணஞ்சபெருமாள் தொண்டையைச் செருமினார். "மாப்பிள்ளை பேரு காத்தமுத்துதானே?"

சும்மா பேச்சைத் தொடங்கக் கேட்ட கேள்வி. மூவரும் தலையைக் கூட்டிக் குசுகுசுத்தார்கள்.

"அப்படித்தான் கூப்பிடுதோம். கூப்பிட்டாத் திரும்பிப் பார்க்கான்" என்றார் ஒச்சப்பன். "ஆனா பேரு வச்ச அன்னைக்கு நாங்க பக்கத்துல இல்லை. தெரியாது."

அணஞ்சபெருமாள் அக்காளைப் பார்த்தார். வேலம்மா வெற்றிலையை ஒரு கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, "சரி, தகப்பனார் யாரு?" என்றாள்.

"அது எப்படிக்கா நாங்க கண்ணால கண்டிருக்க முடியும்?" என்றார் சீனியப்பன்.

வீட்டுக்குள்ளிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த காத்தமுத்துவின் அம்மா விளக்குமாற்றைத் தேடிப் போனாள்.

"ஆளு முழுசா இருக்காருல்ல? ஊனம் ஒண்ணும் இல்லையே?" என்று அணஞ்சபெருமாள் பேச்சை மாற்றினார்.

"முன்பக்கம் இருக்கு. கண்டோம்" என்றார் ஒச்சப்பன். "பின்பக்கம் இங்க இருந்து தெரியலை."

"பின்பக்கம் இல்லாம ஆளு எப்படி நிப்பாரு?"

"அது கருதிச் சொல்றது, சம்பந்தி. நாங்க அதை விட்டுட்டோம். மாடக்கண்ணு, நீ போய்ப் பின்னால பாரு."

மாடக்கண்ணு மரத்தைச் சுற்றிப் போனார். "பின்பக்கம் இருக்கு அண்ணாச்சி! ஆனா முன்பக்கத்தைக் காணலை!"

"அதை நான் பார்த்துக்கிடுதேன். நீ பின்பக்கத்தை விட்டுராதே. சீனி, நீ வலப்பக்கம் போ."

"வலப்பக்கம் கண்டேன்!" என்றார் சீனியப்பன், காதுவரைக்கும் உற்றுப் பார்த்துவிட்டு.

"இடப்பக்கம்?" என்று கேட்டாள் வேலம்மா.

மூவரும் இருந்த இடத்திலிருந்து ஒருவரையொருவர் பார்த்தார்கள். யாராவது நகர்ந்தால் அவர் பார்த்துக்கொண்டிருக்கிற பக்கம் விட்டுப்போகும். இடப்பக்கத்துக்கு ஆள் இல்லை.

ஒச்சப்பன் நீண்ட நேரம் யோசித்தார். "சம்பந்தி, முக்கால் மாப்பிள்ளைக்கு நாங்க பொறுப்பு. மிச்சக் கால் தெரியாது."

காத்தமுத்துவுக்குத் தன் இடது கையைத் தூக்கி ஆட்ட வேண்டும் போலிருந்தது. கையால் பேசுவதும் பேச்சுதான் என்று ஊர் சொல்லிவிட்டால்? ஆட்டாமல் நின்றான்.

"மாப்பிள்ளைக்குப் புத்தி உண்டா?" என்றாள் வேலம்மா.

"மண்டை இருக்கு. அதைக் கண்டோம்."

"மண்டைக்குள்ள?"

"திறந்து பார்க்கலைக்கா. வேணும்னா..." மாடக்கண்ணு கூரையில் செருகியிருந்த அரிவாளைப் பார்த்தார்.

"வேண்டாம், வேண்டாம்!" என்று அணஞ்சபெருமாள் பதறிப்போய்க் கையைக் காட்டினார். "உழைப்பாளியா, அதைச் சொல்லுங்க போதும்."

"நேத்து உழுதான், கண்டோம். முந்தாநாளும் உழுதான், கண்டோம்" என்றார் சீனியப்பன். காத்தமுத்துவுக்கு உயிர் வந்தது. "நாளைக்கு உழுவானான்னு தெரியாது."

"ஏன்வே, தினமும் உழுறவன் நாளைக்கு உழமாட்டானா?"

"நாளையை யாரு கண்டா, சம்பந்தி? தினமும் கூவுன சேவல் ஒண்ணு எங்க வீட்டுல இருந்தது. ஒரு நாள் குழம்புல கிடந்தது."

வேலம்மா வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நேராக நின்றாள்.

"சுத்தி வளைக்காம ஒண்ணு கேக்கேன். எங்க பிள்ளையைக் கண் கலங்காம வச்சுக் காப்பாத்துவானா, மாட்டானா?"

காத்தமுத்துவின் கண்ணில் நீர் முட்டியது. ஆமாம் என்று ஒரு சொல். அந்த ஒரு சொல்லைச் சொல்லத்தான் அவனுக்கு உரிமை இல்லை. அவன் ஒச்சப்பனைப் பார்த்தான். பார்வையாலேயே காலில் விழுந்தான். ஒச்சப்பனும் அவனைப் பார்த்தார். கருணையோடுதான் பார்த்தார்.

"தெரியாதுக்கா" என்றார்.

அவ்வளவுதான் என்று காத்தமுத்து நினைத்தான். கோயில் மாடு எங்கோ ஒரு தடவை கத்தியது.

வேலம்மா வண்டியைப் பார்த்து நடந்தாள். "எந்திரி தம்பி, போவோம். இது ஒரு ஊரு, இதுல ஒரு மாப்பிள்ளை!"

அணஞ்சபெருமாள் எழவில்லை. பாயின் நுனியைக் கிள்ளிக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

"அக்கா, மூத்தவளுக்கு மாப்பிள்ளை பார்க்கப் போனோமே, ஞாபகம் இருக்கா?"

"அதை ஏன் இப்பக் கிளறுதே?"

"அங்கே ஒரு கேள்விக்காவது தெரியாதுன்னு எவனாவது சொன்னானா? தங்கமான பையன்னாங்க. காலத்துக்கும் கண்ணுல வச்சுக் காப்பாத்துவான்னு கற்பூரத்தை அணைச்சாங்க. ஆறு மாசத்துல பிள்ளை பெட்டியோட வந்து நின்னுச்சு." அவர் ஒச்சப்பனைப் பார்த்தார். "இவங்க சொந்த ஊர்க்காரனைப் பத்தியே தெரியாதுன்னு சொல்லுதாங்க. இவ்வளவு துருவிக் கேட்டும் ஒரு பொய் வரலை. நான் இங்கதான் கொடுப்பேன்."

"முக்கால் ஆளுக்கா?"

"மிச்சத்தை நீயே போய்ப் பாரேன்."

வேலம்மா முணுமுணுத்துக்கொண்டே போய்க் காத்தமுத்துவின் இடப்பக்கத்தை மேலிருந்து கீழ்வரைக்கும் பார்த்தாள். காதைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தும் பார்த்தாள். "இருக்கு" என்றாள்.

"அது நீங்க சொல்லித்தான் எங்களுக்குத் தெரியுது" என்றார் ஒச்சப்பன் வருத்தத்தோடு. "நாங்க முக்காலுக்குத்தான் தாம்பூலம் மாத்துவோம்."

மாற்றினார்கள். காத்தமுத்துவுக்கு வாய் திறந்தது. திறந்த வாய் நெடுநேரம் மூடவில்லை. என்ன பேசுவது என்று அவனுக்குத் தெரியவில்லை.

கல்யாணம் பனையடிப்பட்டியில், பெண் வீட்டுப் பந்தலில். தங்கப்பழம் மணையில் வந்து உட்கார்ந்ததும் ஓரக்கண்ணால் அவன் இடப்பக்கத்தைப் பார்த்தாள். "அத்தை சொன்னது சரிதான்" என்று மெதுவாகச் சொன்னாள். காத்தமுத்து வியர்த்துப் போனான்.

எல்லாம் முறைப்படி நடந்தது. பெரியவர் ஒருவர் தாலியை எடுத்துக் கொடுத்தார். மேளம் உச்சத்துக்குப் போயிற்று. காத்தமுத்து முடிச்சுப் போட, பந்தல் முழுக்க அட்சதை பறந்தது. எல்லோரும் வாழ்த்தினார்கள்.

வெள்ளந்திக்காட்டு முறைப்படி ஒன்று பாக்கி இருந்தது. தாலி ஏறியதை ஊர்வாய் மூவரும் 'கண்டோம்' என்று உரக்கச் சொல்ல வேண்டும். சொன்னால்தான் அந்த ஊருக்கு அது கல்யாணம்.

"சொல்லுங்க அண்ணாச்சி" என்றான் காத்தமுத்து.

ஒச்சப்பன் கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தார். "எப்படிப்பா சொல்ல? முடிச்சு விழுற நேரத்துல கண்ணுல அரிசி விழுந்துட்டு. கண்ணை மூடிட்டேன்."

"நானும்" என்றார் சீனியப்பன்.

"எனக்கு மூக்குக்குள்ள ஒண்ணு போயிட்டு" என்றார் மாடக்கண்ணு. "இது யாரு போட்ட அரிசி?"

"அதான் கழுத்துல தொங்குதே, கண்ணு தெரியலையா?" என்றாள் வேலம்மா.

"தொங்குறதைக் கண்டோம்கா. கட்டுனதைக் காணலை. தாலி இருக்கு, அதனால கட்டியிருப்பான்னு சொல்றது, புகையைப் பார்த்து நெருப்புன்னு சொல்ற மாதிரி. அதுல ஒரு தடவை நாங்க ரொம்பக் கஷ்டப்பட்டோம்."

கட்டின தாலியை அவிழ்ப்பதா என்று வேலம்மா கை ஓங்கிவிட்டாள். கடைசியில் அவிழ்க்காமல் மேலே இன்னொரு முடிச்சுப் போடுவது என்று ஒரு வழி கண்டுபிடித்தார்கள். மேளம் கொட்டியது. காத்தமுத்து முடிச்சுப் போட்டான். முடிச்சுப் போடும்போது அட்சதை தூவாமல் இருக்க முடியுமா? தூவினார்கள். மூவரும் கண்ணை மூடிக்கொண்டார்கள்.

மறுபடியும் முடிச்சு. மறுபடியும் அட்சதை. மஞ்சள் அரிசி தீர்ந்து, சமையலுக்கு ஊறப் போட்ட அரிசி வந்தது. அது ஈரமாக வந்து ஒட்டியது. தங்கப்பழத்தின் பிடரியில் முடிச்சு எலுமிச்சங்காய் அளவுக்கு வளர்ந்துவிட்டது.

"நீங்க கட்டுறது உங்களுக்காவது தெரியுதா?" என்று அவள் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள்.

"என் கண்ணுலயும் அரிசிதான்" என்றான் காத்தமுத்து. அவனும் வெள்ளந்திக்காட்டுக்காரன்தானே.

ஒச்சப்பன் கையை உயர்த்தி மேளத்தை நிறுத்தினார். அவருக்கு வழி தெரிந்துவிட்டது. "கண்ணுல அரிசி விழாம இருந்தா நாம காணலாம். அரிசி முன்னால இருந்து வருது. அதனால நாம முதுகைக் காட்டி நிப்போம். கண்ணு பத்திரமா இருக்கும்."

"முதுகைக் காட்டினா எப்படி அண்ணாச்சி பார்க்குறது?" என்று சீனியப்பன் வாதம் செய்தார்.

"முதல்ல கண்ணைக் காப்பாத்தணும்லே. கண்ணு இருந்தாத்தானே பார்க்கலாம்?"

சீனியப்பன் ஒத்துக்கொண்டார். மூவரும் மணையைப் பார்க்காமல் திரும்பி நின்று, அட்சதை இல்லாத கல்யாணம் ஆகிவிடக் கூடாதே என்று, ஆளுக்கொரு படி அரிசியை மடியில் வைத்துக்கொண்டு தோளுக்கு மேலாகப் பின்னால் தூவத் தொடங்கினார்கள்.

தங்கப்பழம் கொஞ்ச நேரம் அந்த மூன்று முதுகையும் பார்த்தாள். பிறகு மாலையைக் கழற்றி மணையில் வைத்தாள். அவன் மாலையையும் கழற்றி வைத்தாள்.

"பசிக்குது. வாங்க."

"அவங்க இன்னும் 'கண்டோம்' சொல்லலையே?"

"பாயசம் ஆறுது."

காத்தமுத்து ஒரு முறை ஊர்வாயைப் பார்த்தான், ஒரு முறை அவளைப் பார்த்தான். அவன் வாழ்க்கையில் முதல் தடவையாக யாரையும் கேட்காமல் ஒரு முடிவுக்கு வந்தான். எழுந்து அவள் பின்னால் போனான். மேளக்காரர்களும் போனார்கள். பந்தலே பந்திக்குப் போயிற்று. சோறாக வேண்டிய அரிசி பந்தலில் கிடந்ததால் பாயசமும் அப்பளமும்தான். யாரும் குறை சொல்லவில்லை.

பந்தலில் அரிசி விழுந்துகொண்டே இருந்தது. அந்த வாசனைக்கு அணஞ்சபெருமாளின் கிடாய் வந்தது. பின்னாலேயே ஒரு பெட்டை ஆடு வந்தது. கீழே கிடந்ததைத் தின்றுவிட்டு மணையில் ஏறின. மாலையின் அடியில் இருந்த பூவைக் கடிக்கத் தலையை உள்ளே விட்டன. தலை உள்ளே போயிற்று, வெளியே வரவில்லை. ஆகவே மாலையோடு மணையில் நின்று, ஒன்றின் மாலையை மற்றொன்று நிதானமாகத் தின்னத் தொடங்கின.

ஒச்சப்பனின் மடியில் அரிசி தீர்ந்தது. "இனிமே அரிசி வராது. திரும்புங்க! கண்ணை நல்லாத் திறந்து வச்சுக்கிடுங்க!"

மூவரும் திரும்பினார்கள். இமை கொட்டாமல் மணையைப் பார்த்தார்கள். முன்பக்கம், பின்பக்கம், இரண்டு பக்கமும் சுற்றிவந்து பார்த்தார்கள். ஜோடி இருந்தது, மணை இருந்தது, மாலை மாறிக்கொண்டிருந்தது. சந்தேகத்துக்கு இடமே இல்லை.

"கண்டோம்!" என்று மூவரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

மறுநாள் காலையில் வெள்ளந்திக்காட்டிலிருந்து தட்டு வரிசையோடு மறுவீட்டுக்கு அழைக்க வந்துவிட்டார்கள். காத்தமுத்து வாசலுக்கு ஓடிவந்து கும்பிட்டான். ஒச்சப்பன் அவன் தோளைத் தட்டி, "உனக்கும் காலம் வரும்ப்பா, மனசை விட்டுராதே" என்று ஆறுதல் சொல்லிவிட்டு, தட்டோடு கொல்லைப்புறத்து ஆட்டுக்கொட்டிலுக்குப் போனார்.

"பொண்ணு வெக்கப்படுது" என்று உள்ளேயிருந்து மாடக்கண்ணுவின் குரல் கேட்டது. "அண்ணாச்சி, மாப்பிள்ளைக்கு எந்த ஊரு?"

"தெரியாது" என்றார் ஒச்சப்பன். "ஆனா நல்ல தாடி. கண்டோம்."